டெக் பக்கத்தில் வரி ஏன் பிசகியது என்று பக்கத்திலேயே வரைந்து காட்டும் கருவி: எப்படிக் கட்டுவது?

#1 பெட்டிக்கணக்கு

ஒரு சிறுகதைத் தொகுப்பை லுவாலேடெக்கில் (டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் ஒரு வடிவம், உள்ளே லுவா மொழியில் நிரல் எழுதலாம்) கோத்துக்கொண்டிருக்கிறேன். டெமி அளவு, 11 பாயிண்ட், 312 பக்கம். இரண்டு தொல்லை.

ஒன்று, பல வரிகளில் சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. வலப்பக்கம் சொற்கள் துருத்திக்கொண்டு நின்றதால் ‘ஸ்லாப்பி’ (இடைவெளியைத் தாராளமாக நீட்ட விடும் கட்டளை) போட்டேன். துருத்தல் போனது, பள்ளம் வந்தது. இரண்டு, அச்செடுத்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. சில பக்கங்களில் மட்டும்.

டெக் தன் புகார்களை எழுதிவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தால் ‘அண்டர்ஃபுல் எச்பாக்ஸ், பேட்னஸ் 2735, வரி 212 முதல் 219 வரை’ என்று மூட்டை மூட்டையாக வருகிறது. எச்பாக்ஸ் என்றால் வரியின் பெட்டி, அண்டர்ஃபுல் என்றால் அது நிரம்பவில்லை, பேட்னஸ் என்றால் எவ்வளவு மோசம் என்ற எண். அந்த 212 என் மூல ஃபைலின் வரி. பக்கத்தில் அது எங்கே என்று நான்தான் தேட வேண்டும்.

எனக்கு வேண்டியது, டெக் மனதில் வைத்திருக்கும் பெட்டிகளையும் அவற்றுக்கு நடுவே நீண்டு சுருங்கும் இடைவெளியான குளூவையும் பக்கத்தின் மேலேயே வரைந்து காட்டும் ஒரு கருவி. முதல் முயற்சியாக ஒரு சின்ன மேக்ரோ எழுதி ஒவ்வொரு சொல்லையும் சுற்றிக் கட்டம் போடும் ‘எஃப்பாக்ஸ்’ஸுக்குள் போட்டேன். புத்தகம் வீங்கிவிட்டது. வரிகள் எல்லாம் வேறு இடத்தில் உடைந்து, நான் தேடிப் போன பள்ளமே காணாமல் போனது. சிரிக்காமல் வழி சொல்லுங்கள்.

#2 நூல்கட்டு

சிரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும். நாங்கள் எல்லோரும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

‘எஃப்பாக்ஸ்’ உள்ளே 3 பாயிண்ட் இடம் விடும், 0.4 பாயிண்ட் கோடு போடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் சொல்லுக்கு 6.8 பாயிண்ட் அதிகம். உங்கள் சொல் இடைவெளியே 3 பாயிண்ட் பக்கம்தான் இருக்கும். நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கப் போய் தெர்மாமீட்டரைக் கொதிக்கவைத்துக் கொடுத்த மாதிரி.

வரைவதை டெக் எல்லா முடிவையும் எடுத்த பிறகு செய்ய வேண்டும். வரி உடைத்தாயிற்று, பக்கம் உடைத்தாயிற்று, மேல்குறிப்பு அடிக்குறிப்பு எல்லாம் ஏறிவிட்டது, இனி பக்கத்தை பிடிஎஃப்பில் எழுதுவதுதான் பாக்கி என்கிற நொடியில் நுழையுங்கள். லுவாலேடெக்கில் அதற்கென்றே ஷிப்அவுட்டுக்கு (பக்கத்தை வெளியே எழுதுவதற்கு) முந்தைய கால்பேக் (டெக் நம் நிரலைக் கூப்பிடும் இடம்) இருக்கிறது. பக்கம் முழுவதும் ஒரு நோட் மரமாக உங்கள் கைக்கு வரும்; எழுத்து, குளூ, பெட்டி ஒவ்வொன்றும் ஒரு நோட். மரத்தில் இறங்கி, எச்லிஸ்ட் (கிடைமட்டப் பெட்டி) ஒவ்வொன்றின் தலையிலும், வரையும் கட்டளையை அப்படியே பிடிஎஃப்புக்கு அனுப்பும் ‘பிடிஎஃப் லிட்டரல்’ நோட் ஒன்றைச் செருகுங்கள். அதற்கு அகலமும் கிடையாது, உயரமும் கிடையாது. பெட்டி ஏற்கெனவே கட்டி முடித்தது என்பதால் எதுவும் நகராது.

பத்தி உடைந்த உடனே வரும் கால்பேக்கிலும் செய்யலாம்தான். ஆனால் அங்கே மேல்குறிப்பு தெரியாது, பக்கத்தின் செங்குத்து இடைவெளியும் தெரியாது. உங்கள் இரண்டாவது தொல்லைக்கு அதுதான் வேண்டும்.

‘லுவா-விஷுவல்-டீபக்’ என்ற தொகுப்பு டெக் லைவ் நிறுவலிலேயே இருக்கிறது. முதலில் அதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

#3 வலைப்பின்னி

டெக் எனக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கதை தெரியும். சிஎஸ்எஸ்ஸில் எல்லா உறுப்புக்கும் சிவப்பு ‘பார்டர்’ போட்டால் லேஅவுட் குலைந்துவிடும், ‘அவுட்லைன்’ போட்டால் குலையாது. அவுட்லைன் இடம் பிடிக்காது, மேலே கோடு மட்டும் விழும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பார்டர் போட்டு மூன்று மணி நேரம் இல்லாத பிழையைத் தேடியிருக்கிறேன்.

#4 கிரெப்சாமி

படமெல்லாம் எதற்கு? லாக்கில் எண் இருக்கிறது. ‘அண்டர்ஃபுல்’ என்று கிரெப் (சொல் தேடும் கருவி) போட்டு, பேட்னஸ் வாரியாக வரிசைப்படுத்தி, மேலிருந்து பத்து பத்தாகச் சரிசெய்துகொண்டே வாருங்கள். 312 பக்கத்தையும் யார் கண்ணால் பார்ப்பது? வண்ணம் அடித்த பக்கம் பார்க்க அழகாக இருக்கும், வேலை நடக்காது.

#5 நூல்கட்டு

சாமி, லாக் எல்லாவற்றையும் சொல்கிறது என்று யார் சொன்னது?

பேட்னஸ் என்பது ஏறத்தாழ 100 பெருக்கல் நீட்சி விகிதத்தின் மூன்றாம் படி. அனுமதித்த நீட்சி முழுவதையும் பயன்படுத்தினால் விகிதம் 1, பேட்னஸ் 100. இரண்டு மடங்கு நீட்டினால் 800. லாக்கில் புலம்பல் எப்போது வரும்? ‘எச்பேட்னஸ்’ஸின் வழக்கமான மதிப்பு 1000, அதைத் தாண்டினால்தான். அதாவது விகிதம் 2.15 வரை டெக் வாயே திறக்காது. சாதாரணமாக லேடெக்கின் டாலரன்ஸ் (ஏற்கும் பேட்னஸின் உச்சம்) 200 என்பதால் விகிதம் 1.26-ஐத் தாண்டும் வரியை அது ஏற்காது, நமக்கும் கவலையில்லை. இவர் போட்டிருப்பது ஸ்லாப்பி. அதில் டாலரன்ஸ் 9999. 1.26-க்கும் 2.15-க்கும் நடுவில் விழுந்த வரிகள் அத்தனையும் லாக்கில் இல்லாத அசிங்கம்.

எச்பேட்னஸைக் குறைத்துப் போடலாம் என்பீர்கள். போடுங்கள், இன்னும் ஆயிரம் வரி வரும்.

#6 ஈயஎழுத்து

தம்பிமார்களே, நான் ஈய எழுத்துக் காலத்து ஆள். கையால் ஸ்டிக்கில் எழுத்துக் கோத்து கேலித் தட்டில் இறக்கியவன். உங்கள் கால்பேக் எல்லாம் எனக்கு எட்டாது. ஒன்று சொல்கிறேன். எங்களுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. கேலி புரூஃப் எடுத்து, தலைகீழாகத் திருப்பிவைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்போம். நேராக வைத்தால் கண் வாசிக்க ஆரம்பித்துவிடும், பள்ளம் தெரியாது. தலைகீழாக வைத்தால் எழுத்து மறைந்து வெள்ளை மட்டும் தெரியும். இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்று சேர்ந்து பத்து வரிக்கு ஒரு வெள்ளை ஆறு ஓடினால் அப்படியே பளிச்சென்று நிற்கும்.

அதனால், நீங்கள் வரையும்போது எழுத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி வெள்ளையை எடுத்துக் காட்டுங்கள்.

#7 பெட்டிக்கணக்கு

நூல்கட்டு அண்ணா சொன்னபடி லுவா-விஷுவல்-டீபக்கை ஓட்டினேன். அருமை. ஆனால் எனக்குப் பள்ளத்தின் ஆழத்துக்கு ஏற்ப வண்ணம் வேண்டும், தமிழ் எழுத்து விஷயமும் கொஞ்சம் வேண்டும். அதன் மூலநிரலைப் படித்துவிட்டு எனக்கென்று தனியாக ஒன்று தொடங்கினேன். மூன்று நாள், மூன்று பிழை. அடுத்து வருபவருக்கு உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பெட்டியின் கோடு இடது ஓரத்தில் கச்சிதம், வலது ஓரத்துக்குப் போகப் போக விலகியது. வரியின் கடைசியில் ஒரு பாயிண்டுக்கு மேல் தள்ளி நின்றது. டெக் எல்லா நீளத்தையும் ஸ்கேல்டு பாயிண்டில் வைத்திருக்கிறது, ஒரு பாயிண்டுக்கு 65536. நான் அந்த எண்ணால் வகுத்து பிடிஎஃப்புக்குக் கொடுத்தேன். பிடிஎஃப்பின் பாயிண்ட் வேறு! டெக்குக்கு ஓர் அங்குலம் 72.27, பிடிஎஃப்புக்கு 72. வகுக்க வேண்டியது 65781.76. வித்தியாசம் ஆயிரத்தில் நாலு கூட இல்லை, ஆனால் 300 பாயிண்ட் வரியில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியும் ரத்தச் சிவப்பு. பேட்னஸ் கோடிக்கணக்கில் வந்தது. பயந்தேபோனேன். பத்தி முடிவில் டெக் வைக்கும் ‘பார்ஃபில்ஸ்கிப்’ எவ்வளவு வேண்டுமானாலும் நீளும் வகை. அந்த வரியின் பெட்டியில் குளூ ஆர்டர் (எந்த வகை நீட்சி என்ற எண்) பூஜ்யமாக இருக்காது. ஆர்டர் பூஜ்யமாக உள்ள வரிக்கு மட்டும்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு ‘இஃப்’ சேர்த்ததும் ரத்தம் நின்றது.

மூன்றாவது, வண்ணம் கசிவு. கோடு வரைந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பாததால் நாலாம் பக்கம் முழுக்கப் பச்சை எழுத்து. வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு ‘கல்யாணப் பத்திரிகையா?’ என்று கேட்டார்கள்.

#8 மஞ்சள்கோடு

டிடிபி ஆள் நான், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை. எங்களுக்கு இது பல காலமாக இருக்கிறது. பிரிஃபரன்சஸில் கம்போசிஷன் என்ற பகுதிக்குப் போய் எச் அண்ட் ஜே வயலேஷன்ஸ் என்பதை டிக் செய்தால், இடைவெளி மோசமான வரிகள் மஞ்சளாகும். மூன்று அழுத்தத்தில் மஞ்சள். ரொம்ப மோசம் என்றால் அடர் மஞ்சள். மற்ற வண்ணம் கிடையாது.

நீங்கள் பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று ஹோலி கொண்டாடுகிறீர்கள் போலிருக்கிறது. எந்த வண்ணத்துக்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் தாள் ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டிவரும். ஒரு கேள்விக்கு ஒரு வண்ணம், மோசத்துக்கு ஏற்ப அழுத்தம், அவ்வளவு போதும்.

#9 பெட்டிக்கணக்கு

மஞ்சள்கோடு சொன்னது உறைத்தது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டுவதை விட்டுவிட்டு ‘குளூ மட்டும்’ என்று ஒரு பார்வை, ‘வரி உயரம் மட்டும்’ என்று ஒரு பார்வை, ‘எழுத்து மட்டும்’ என்று ஒரு பார்வை என்று பிரித்தேன். ஐயா சொன்னபடி எழுத்தைச் சாம்பலாக்கி, இடைவெளியை மட்டும் செங்கல் நிறத்தில் நிரப்பினேன். தலைகீழாகத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை, ஆறு தானாகத் தெரிகிறது.

ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பக்கம் 58, நாலே சொல்:

நடந்துபோய்க்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துக்கொண்டு ஏதோ

சொல் நாலு, இடைவெளி மூன்று. என் எழுத்துருவில் ஓர் இடைவெளி 3 பாயிண்ட், 1.5 வரை நீளலாம். இந்த வரி நிரம்ப 13.5 பாயிண்ட் குறைகிறது. மூன்று இடைவெளிக்கும் சேர்த்து அனுமதித்த நீட்சி 4.5 தான். விகிதம் 3, பேட்னஸ் 2700. ஒவ்வோர் இடைவெளியும் 7.5 பாயிண்டாக வீங்கி நிற்கிறது. இதே குறைபாடு பன்னிரண்டு சொல் உள்ள ஓர் ஆங்கில வரிக்கு வந்திருந்தால்? இடைவெளி பதினொன்று, நீட்சி 16.5, விகிதம் 0.82, பேட்னஸ் 55. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

நம் சொல்லின் நீளம்தான் வினை என்று முதலில் நினைத்தேன். பாதிதான் உண்மை. சொல்லை எங்கெங்கே முறிக்கலாம் என்று டெக் வைத்திருக்கும் ‘டிஸ்க்ரீஷனரி’ நோட்களை வரிக்கு அடியில் சின்ன நீலக் குச்சியாக வரைந்தேன். உரைநடைப் பத்திகளில் சொல்லுக்கு நாலைந்து குச்சி. உரையாடல் பத்திகளில் ஒன்றுகூட இல்லை. மொட்டை. அந்தப் பத்திகளுக்கு நான் தனியாக எழுதிய சூழலில், எப்போதோ எங்கிருந்தோ ஒட்டிய ஒரு வரி மொழியை ஆங்கிலம் என்று மாற்றிவைத்திருந்தது. ஆங்கில முறிப்பு விதிக்குத் தமிழ் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. எனவே முறிக்கவே இல்லை.

அந்த வரியை நீக்கி, ஸ்லாப்பியையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். ‘நிறுத்திவைத்துக்’ மேல்வரியில், ‘கொண்டு’ கீழ்வரியில். நம் வழக்கப்படி நடுவில் கோடு போடாமல். செங்கல் நிறம் பாதிக்கு மேல் காணோம். ஆறு மாதமாக லாக்கைப் படிக்கிறேன், இந்த ஒரு விஷயம் அதில் எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது, ‘இங்கே முறிக்க வழியில்லை’ என்பதை டெக் ஒரு குறையாகவே நினைப்பதில்லை.

#10 கிரெப்சாமி

சரி, குச்சி விஷயத்தில் தோற்றேன். ஆனால் 312 பக்கம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பக்கம் 58-ஐத் திறக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? தற்செயல்தானே?

நீங்கள் நோட் மரத்தில் இறங்கும்போதே வரிக்கு வரி விகிதம் கையில் இருக்கிறது. பக்க எண், வரி எண், விகிதம் மூன்றையும் ஒரு சாதாரண உரை ஃபைலில் கொட்டுங்கள். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், நீங்கள் படம் பாருங்கள்.

#11 பெட்டிக்கணக்கு

கொட்டிவிட்டேன். நன்றி சாமி, மறுபேச்சு இல்லை. பட்டியலின் மேலே உள்ள பக்கங்களை மட்டும் தனி பிடிஎஃப்பாகப் பிரித்து எடுக்கும்படியும் செய்தாயிற்று.

இப்போது இரண்டாவது தொல்லை. பக்கத்துக்குப் பக்கம் வரி ஏன் ஒட்டவில்லை?

வரிகளுக்கு நடுவே உள்ள செங்குத்துக் குளூவை வரைந்து, அதன் உபவகை எண்ணை ஓரத்தில் சின்னதாக எழுதினேன். பெரும்பாலும் 2. பிசகிய பக்கங்களில் மட்டும் நடுவே ஒன்றிரண்டு 1. கையேட்டைப் பார்த்தால் 2 என்றால் பேஸ்லைன்ஸ்கிப் (வரிக்கு வரி ஒரே தூரம்), 1 என்றால் லைன்ஸ்கிப் (பெட்டிகள் முட்டும்போது நடுவே விடும் இடம்).

ஒரு 1-ஐ உருப்பெருக்கிப் பார்த்தேன். மேல்வரியில் ‘தூக்கணாங்குருவி’, கீழ்வரியில் ‘கீச்சென்று’. நான் வைத்திருக்கும் எழுத்துருவில் ‘தூ’வின் சுழி கீழே 4.9 பாயிண்ட் இறங்குகிறது. ‘கீ’யின் மேல்விலங்கு மேலே 9.2 ஏறுகிறது. கூட்டினால் 14.1. லேடெக்கின் 11 பாயிண்ட் அமைப்பில் வரிக்கு வரி 13.6 தான். இரண்டு பெட்டியும் முட்டுகின்றன என்று டெக் நினைத்து, 13.6 என்ற ஒழுங்கைக் கைவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே 1 பாயிண்ட் விட்டுவிடுகிறது. ஆக அந்த இரண்டு வரிக்கும் இடையே 15.1. ஒன்றரைப் பாயிண்ட் கீழே இறங்கியது, பக்கக் கடைசி வரை திரும்பி ஏறுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால் ‘தூ’ இருப்பது வரியின் இடது முனையில், ‘கீ’ இருப்பது வலது முனையில். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. முட்டுவது பெட்டி, எழுத்து அல்ல.

#12 ஈயஎழுத்து

ஈயத்தில் இந்தப் பிரச்சினை வராது. எழுத்தின் உடம்பு எல்லாம் ஒரே உயரம். சுழி இறங்கினாலும் மேல்விலங்கு ஏறினாலும் உடம்புக்குள்ளேதான். நடுவில் ஒரே கனத்தில் ‘லெட்’ தகடு. ‘தூ’வுக்கு ஒரு தகடு ‘பூ’வுக்கு ஒரு தகடு என்று வைத்தால் ஃபோர்மேன் காதைத் திருகியிருப்பார்.

#13 நூல்கட்டு

ஐயா சொன்ன அந்த உடம்புதான் இங்கே இல்லாதது. தெரிந்த வைத்தியம் இரண்டு. வரி இடைவெளியை 15.5 பக்கம் ஏற்றிவிடலாம், தமிழுக்கு அது கண்ணுக்கும் நல்லது, ஆனால் புத்தகம் கிட்டத்தட்ட மூன்று ஃபாரம் (ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம்) கூடும். இல்லையென்றால் ‘லைன்ஸ்கிப்லிமிட்’ பூஜ்யத்தில் இருப்பதை மைனஸ் 3 பாயிண்ட் ஆக்குங்கள். 3 பாயிண்ட் வரை பெட்டி பெட்டியின் மேல் ஏறினாலும் டெக் கண்டுகொள்ளாது, 13.6 மாறாது.

இரண்டாவதைச் செய்தால் நிஜமாகவே முட்டும் இடங்களைப் பிடிக்க வேண்டும். அதற்கும் உங்கள் கருவியே போதும். அடுத்தடுத்த இரண்டு வரிகளின் கிளிஃப்களை (எழுத்துருவங்களை) எடுத்து, கிடைமட்டத்தில் மேல்கீழாக நிற்கும் ஜோடிகளை மட்டும் பாருங்கள். மேல் எழுத்தின் அடியும் கீழ் எழுத்தின் தலையும் தாண்டினால் ஒரு வட்டம் போடுங்கள்.

#14 பெட்டிக்கணக்கு

போட்டேன். 1 என்று வந்த இடங்கள் நூற்றுக்கு மேல். வட்டம் விழுந்தது ஏழு. ஏழிலும் ஒரு சொல்லை முன்னே பின்னே தள்ளச் சொல்லி எழுத்தாளரிடம் கேட்டால் தீர்ந்தது. லிமிட்டை மைனஸாக்கிவிட்டேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் வரிமேல் வரி.

#15 மஞ்சள்கோடு

ஓர் எச்சரிக்கை, பட்டவன் சொல்கிறேன். முன்பு ஒரு வேலையில் இதே மாதிரி வழிகாட்டிக் கோடுகளை பிடிஎஃப்பில் தனி லேயராக வைத்திருந்தேன். லேயரை அணைத்துவிட்டுத்தான் சேமித்தேன், திரையில் சுத்தமாக இருந்தது. அச்சகத்தில் பிளேட் போட்டபோது லேயர் உயிர்பெற்றுவிட்டது. ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், எல்லாவற்றிலும் மெல்லிய கோடு. பிளேட் காசு என் தலையில்.

திரையில் அணைந்திருக்கிறது என்பதை நம்பாதீர்கள். டீபக் ஃபைலுக்குப் பெயரே வேறாக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ‘அச்சுக்கு அல்ல’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

#16 வலைப்பின்னி

ஒரு சந்தேகம். கருவி எதையும் நகர்த்தவில்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? நம்பிக்கையா?

#17 பெட்டிக்கணக்கு

முதலில் கண்ணால்தான் பார்த்தேன். கருவி போட்ட பிடிஎஃப், போடாத பிடிஎஃப் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டும் ‘டிஃப்-பிடிஎஃப்’ஸில் ஓட்டினால் கோடுகளே எல்லா இடத்திலும் வித்தியாசம் என்று வந்து நின்றன, எழுத்து நகர்ந்ததா என்று தெரியவில்லை. இப்போது வேறு வழி. எல்லா கிளிஃப்பின் இடத்தையும் ஸ்கேல்டு பாயிண்டில் உரை ஃபைலாகக் கொட்டுகிறேன், ஒரு முறை கருவியோடு, ஒரு முறை இல்லாமல். இரண்டும் முழு எண்கள், தசமமே கிடையாது. இரண்டு ஃபைலை ஒப்பிடும் சாதாரண ‘டிஃப்’ போட்டால் ஒரு வரி வித்தியாசம்கூட வரக்கூடாது. புதிதாக எதைச் சேர்த்தாலும் முதலில் இதைத்தான் ஓட்டுகிறேன். முட்டல் வட்டம் சேர்த்த அன்று ஓட்டியதில் அடிக்குறிப்புகள் மட்டும் நகர்ந்திருந்தன. ஒரு பெட்டியைத் தெரியாமல் மறுபடி கட்டிவிட்டிருந்தேன்.

#18 திருத்துளி

நான் புரூஃப் பார்ப்பவள், இந்தப் பெட்டிக் கணக்கு எனக்கு ஆகாது. ஆனால் ‘எழுத்து மட்டும்’ என்று ஒரு பார்வை வைத்திருப்பதாகச் சொன்னீர்களே தம்பி, அதில் ஒன்று செய்து தர முடியுமா?

கௌரி என்று ஔகாரக் குறி போட்டு அடிப்பதற்குப் பதில், கெ அடித்து பக்கத்தில் ளகரம் அடித்து ‘கெளரி’ என்று வைத்துவிடுகிறார்கள். வெளவால், மெளனம், பெளர்ணமி எல்லாம் இதே கதை. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் தலைமுடி அளவு வித்தியாசம்கூடத் தெரியாது. அச்சாகி வந்த பிறகு தேடினால் கிடைக்காது, அகரவரிசை போட்டால் வேறு இடத்தில் போய் உட்காரும். துணைக்கால் வேண்டிய இடத்தில் ரகரம் வைப்பதும் உண்டு. என் கண் போனதில் பாதி இதனால்தான்.

#19 நூல்கட்டு

அக்கா, இது செய்யக்கூடியதுதான். உரையை எழுத்துருவங்களாக மாற்றும் ஹார்ஃப்பஸ்ஸோடு வரும் ‘எச்பி-ஷேப்’பில் ‘கௌ’ கொடுத்தால் மூன்று உருவம் வரும், மூன்றுக்கும் கிளஸ்டர் எண் (உரையின் எந்த இடத்திலிருந்து வந்த உருவம் என்பது) 0. ‘கெள’ கொடுத்தாலும் மூன்று உருவம்தான், ஆனால் முதல் இரண்டுக்கு 0, ளகரத்துக்கு 2. உருவம் ஏமாற்றும், கிளஸ்டர் ஏமாற்றாது.

தம்பி, எழுத்து வடிவமைப்பு நடக்கும் முன்பே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஆட்ரிபியூட் எண் கொடுத்துவிடுங்கள். ஒற்றைக்கொம்பு முன்னால் தாவினாலும் எண் கூடவே போகும். ஒரே எண் உள்ள உருவங்களுக்கு அடியில் ஒரே கோடு இழுங்கள். கௌ என்றால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கோடு. கெள என்றால் கோடு நடுவில் அறுந்திருக்கும்.

#20 பெட்டிக்கணக்கு

இழுத்தாயிற்று. பார்க்கவே தனி சுகம். கூடவே கிரெப்சாமி பாணியில் பட்டியலும்: எகரக் குறிக்கு அடுத்து, புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத வெறும் ளகரம் வரும் இடங்கள். அதனால் வெள்ளை, வெளி, கெளுத்தி எல்லாம் தப்பித்துவிடும்.

41 இடம் வந்தது. ஆகா என்று ஒவ்வொன்றாக மாற்றப் போனால், 38 இடத்தில் ‘கெளம்பு’, ‘கெளம்பிட்டான்’, ‘வெளக்கமாறு’. உரையாடல்! எழுத்தாளர் வேண்டுமென்றே எழுதியது. தானாகத் திருத்தும்படி வைத்திருந்தால் 312 பக்கத்திலும் எல்லோரும் ‘கௌம்பி’ப் போயிருப்பார்கள். எனவே கருவி குறி மட்டும் வைக்கும், கை வைக்காது. மீதி மூன்றில் இரண்டு மெளனம், ஒன்று வெளவால். திருத்திவிட்டேன்.

அக்கா, புரூஃப் பிடிஎஃப் அனுப்பியிருக்கிறேன். ‘எழுத்து மட்டும்’ பார்வை தனியாக, குறுக்கே ‘அச்சுக்கு அல்ல’ என்று போட்டு.

#21 ஈயஎழுத்து

எனக்கும் ஒரு படி அச்செடுத்து அனுப்புங்கள் தம்பி, சாம்பல் எழுத்து செங்கல் இடைவெளி போட்டது. திரையில் பார்த்தால் எனக்குக் கண் கூசுகிறது.

#22 திருத்துளி

பார்த்தேன் தம்பி. கோடு அழகாக இருக்கிறது. உள்ளே எல்லாம் சரி. அட்டையில் எழுத்தாளர் பெயருக்குக் கீழே ‘முன்னுரை’ என்று போட்டு ஒரு கெளரி இருக்கிறது. அட்டையை வேறு யாரோ வேறு மென்பொருளில் செய்தது என்று நினைக்கிறேன்.

#23 பெட்டிக்கணக்கு

அய்யோ. ஆமாம். அட்டை நேற்றே போய்விட்டது. போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.